தரம் 1, 2 பிள்ளைகளுக்குத் தோளுக்கு மேலால் பந்தெறியப் பழக்குவது எப்படி?

ஐந்தாறு வயதுப் பிள்ளையிடம் பந்தைக் கொடுத்து "எறி" என்றால் நேரே முன்னுக்குப் பார்த்து நிற்கும். கால் அசையாது. முழங்கை மட்டும் மடிந்து நிமிரும், பந்து கிட்டவே விழும். கொஞ்சம் பழகியபின் கால் வைக்கும். ஆனால் எறியும் கைப்பக்கத்துக் காலையே வைக்கும். எதிர்க்காலை முன்வைத்து, இடுப்புத் திரும்பி, அதற்குப் பின்னால் கை வருவதுதான் முதிர்ந்த எறி. வளர வளரத் தானாக வரும் என்று விட்டுவிட்டால் பலருக்கு அது வருவதேயில்லை. எல்லே (தடியால் பந்தடித்து ஓடும் விளையாட்டு), கிறிக்கெற், ஈட்டி எறிதல், வலைப்பந்தில் தோளால் கொடுக்கும் பாஸ் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான்.

படி 1: ஆளுக்கொரு பந்து

ஒரு பந்தும் முப்பது பிள்ளைகளின் வரிசையும் என்றால் அது எறிதல் பாடமல்ல, காத்திருக்கும் பாடம். ரெனிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம். சின்னக் கைக்கு அளவானது. முப்பது ரெனிஸ் பந்து வாங்க எந்தப் பள்ளிக்கூடத்தில் காசிருக்கிறது? பழைய பெரிய செய்திப் பேப்பரின் விரிதாள் மூன்று எடுங்கள். ஒன்றை நன்றாக இறுக்கிக் கசக்கி, மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக அதன்மேல் சுற்றி, செலோரேப்பால் குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து சுற்று ஒட்டுங்கள். நிறை ஏறக்குறைய ரெனிஸ் பந்தளவுக்கு வரும். முகத்தில் பட்டாலும் காயம் வருவது அரிது.

பந்து பெருத்தால் விரலால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் வைத்துத் தள்ளுவார்கள். பாரம் கூடினாலும் அதே தள்ளல்தான் வரும். 156 கிராமுக்குக் குறையாத கிறிக்கெற் பந்தை இந்த வயதில் கொடுக்கவே கூடாது.

படி 2: இடம்

மதிலிலிருந்து 5 மீற்றரில் தடியால் மண்ணில் ஒரு கோடு கீறுங்கள். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒன்றரை மீற்றர் விடவேண்டும், இல்லாவிட்டால் பின்னுக்குப் போகும் கை பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் படும். எல்லோரும் ஒரே திசையில் எறியவேண்டும். விசில் ஊதினால் மட்டுமே போய்ப் பொறுக்கலாம். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

காலைப் பாடமென்றால் மேற்குப் பக்க மதிலைத் தேர்ந்தெடுங்கள், வெயில் முதுகில் விழும். பத்து மணிக்குப் பிறகு வேப்பமர நிழல் இல்லாத மைதானத்தில் இதைச் செய்யவேண்டாம். மாரியில் தண்ணீர் நின்றால் மண்டபத்துக்குள் வைக்கலாம், பேப்பர் பந்துதானே.

படி 3: காலுக்கு அடையாளம்

வலக்கையால் எறியும் பிள்ளையின் இடது கணுக்காலில் ஒரு றிபன் துண்டைக் கட்டுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு வலது கணுக்காலில். முப்பது பேரில் இரண்டு மூன்று இடக்கைப் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோருக்கும் "இடது காலை வை" என்று சொன்னால் அவர்கள் குழம்பிப்போவார்கள். "றிபன் கால்" என்று சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

படி 4: நாலு சொல்

கோட்டுக்குப் பக்கவாட்டாக, றிபன் கால் மதில் பக்கம் இருக்க நிற்கவேண்டும். பந்துக் கை தொடையடியிலிருந்து பின்னுக்குப் போய் மேலே எழும்பும், முழங்கை தோளுக்குச் சமனாக வரும். றிபன் கால் நீளமாக முன்னே விழும். இடுப்பும் தோளும் திரும்பும். கை கடைசியில் வந்து மற்றத் தொடைப்பக்கம் போய் முடியும். இவ்வளவையும் பிள்ளைக்குச் சொல்லவேண்டாம். "பக்கமா நில், கை பின்னுக்கு, றிபன் கால், விசுக்கு!" போதும். மாங்காய்க்குக் கல்லெறிந்து பழகிய பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை, உடம்புக்கே தெரியும்.

படி 5: முதலில் பலம், குறி பிறகு

பெரும்பாலான பாடங்கள் சறுக்குவது இங்கேதான். முதல்நாளே மதிலில் சின்ன வட்டம் கீறி "இதற்குள் எறி" என்கிறோம். பிள்ளை தவறவிடக்கூடாதென்று உடம்பை இறுக்கிக்கொள்ளும். கால் நிற்கும், இடுப்பு நிற்கும், முழங்கைக்குக் கீழே மட்டும் வேலை செய்யும். நாங்கள் மாற்றவந்த அதே பழைய எறி.

ஆகவே முதல் சில பாடங்களில் "பலமா எறியுங்கோ பிள்ளையள்" என்பது மட்டுமே. பலமாக எறிய முயன்றால் கால் நீளும், உடம்பு திரும்பும். மதிலில் பழைய தகரம் ஒன்றைச் சாத்திவையுங்கள், கூர்விளிம்பு இல்லாததாகப் பார்த்து. பலமாகப் பட்டால்தான் பெரிய சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் விசுக்குவார்கள். பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பிழைத்தால்

கைப்பக்கத்துக் காலே வருகிறதா? றிபன் காலை முன்னே வைத்தபடி நிற்கவிட்டு, பாரத்தைப் பின்காலுக்கு மாற்றி ஆடி எறியச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து எறிக்குப் பிறகு அந்தக் காலைத் தூக்கி வைக்கவிடலாம்.

காலடி குட்டையாக இருந்தால் மண்ணில் இன்னொரு கோடு கீறி "அதை மிதி" என்னுங்கள். பிள்ளையின் உயரத்தில் பாதிக்கு மேல் காலடி வரவேண்டும்: 115 சென்ரிமீற்றர் பிள்ளைக்கு ஏறக்குறைய 60.

பந்து வானத்துக்குப் போனால் பிள்ளை அதைக் கையிலிருந்து முந்தி விடுகிறது, காலுக்குக் கிட்ட நிலத்தில் குத்தினால் பிந்தி விடுகிறது. 3 மீற்றர் தள்ளி, 2 மீற்றர் உயரத்தில் கயிறு கட்டி அதற்குச் சற்று மேலால் எறியவிட்டால் பல பிள்ளைகளுக்கு அது தானாகவே சரிவரும்.

பெண்பிள்ளைகள் பின்தங்கினால் "அவையளுக்கு வராது" என்று விடவேண்டாம். வீட்டிலும் ஒழுங்கையிலும் பந்து கிடைப்பது பெடியளுக்குத்தான். அந்தப் பழக்கக் குறைவுக்குப் பெரிய பங்குண்டு. அவர்களுக்கு இன்னும் அதிக எறி கொடுங்கள்.

விளையாட்டு: முற்றம் கூட்டு

நடுவில் அதே கயிறு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அணி, பேப்பர் பந்துகள் சரிபாதி. ஒரு நிமிடம் தங்கள் முற்றத்துப் பந்துகளை மற்றப் பக்கம் எறியவேண்டும். முடிவில் குறைவாக வைத்திருப்போர் வெற்றி. வேகத்தில் சிலர் காலை மறப்பார்கள். அப்போது "றிபன் கால் வைக்காத எறிக்கு உங்கள் கணக்கில் ஒரு பந்து கூடும்" என்று சட்டம் போடுங்கள். மண்டபமென்றாலும் இது சரிவரும்.

கணிப்பீடு

தூரத்தை அளக்கவேண்டாம், வளர்ந்த பிள்ளைதான் எப்போதும் வெல்லும். பிள்ளையின் பக்கவாட்டில் நின்று முதலில் காலை மட்டும் பாருங்கள். அடுத்த எறியில் இடுப்பு, அதற்கடுத்து முழங்கை, பிறகு கை எங்கே முடிகிறதென்று. ஒரே எறியில் நாலையும் பார்க்கப் போனால் ஒன்றும் தெரியாது. ஐந்து எறியில் நான்கில் எதிர்க்கால் வந்தால் சரி போடலாம். அதன்பிறகு மதிலில் வெண்கட்டியால் 1 மீற்றர் அகலச் சதுரம் கீறிக் குறி பழக்குங்கள். குறி வைத்தவுடன் கால் மறைந்தால் சதுரத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது திரும்பவும் தகரத்துக்கே போங்கள்.