பிரெஞ்சு வினைச்சொல்லை எழுத்தெண்ணிப் படிக்காதீர்கள்

பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் வாயைத் திறந்ததும் மாட்டிக்கொள்ளும் இடம், 'அவர்கள் பேசுகிறார்கள்'. 'இல் பார்லான்' என்பார்கள். கடைசியில் இ, என், டி என்று மூன்று எழுத்து இருக்கிறதே, எப்படி விடுவது? விடத்தான் வேண்டும். வினையில் பன்மைக்காக ஒட்டும் அந்த மூன்றுக்கும் ஒலி கிடையாது. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் 'பார்ல்'தான், ஒரே அசை. நாங்கள், நீங்கள் என்று வரும்போதுதான் 'பார்-லோன்', 'பார்-லே' என இரண்டாகிறது. வரி முடிவில் இடம் போதாமல் சொல்லை உடைக்கிறோமே, அது தாளுக்கான கணக்கு. அதைப் பார்த்து அசை பிரித்தால் வம்புதான்.

சரி என்று, அந்த மூன்றெழுத்தை எங்கே கண்டாலும் விழுங்குகிறவர்களும் உண்டு. 'கன்னிமடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்று பிரெஞ்சில் எழுதினால் கடைசி இரண்டு சொல்லுக்கும் எழுத்துகள் அச்சு அசல் ஒன்றே. ஆனால் மடம் 'கூவான்', அடைகாப்பது 'கூவ்'. 'வருகிறான்' என்பதிலும் அதே மூன்றெழுத்து உண்டு. அது ஒருமை என்பதால் ஒலிக்கும். 'வியேன்' என்று மூக்கோடு நிற்கும், நாக்கு மேலே தொடாது. 'வருகிறார்கள்' என்னும்போது நாக்கு தொட்டு, னகரம் முழுசாக விழும்.

இன்னொன்று: முடிவு ஊமை என்பதால் அதற்கு முந்தைய மெய்யையும் சேர்த்து முழுங்குவது. 'முடிக்கிறான்' என்பது 'ஃபினி', 'முடிக்கிறார்கள்' என்பது 'ஃபினிஸ்'. அந்த ஸ் போனால் பன்மையே போச்சு.

சொற்களைத் தனித்தனியாக நிறுத்திப் படிப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. 'அவன் இல்லை' நம் வாயில் 'அவனில்லை' ஆவது போல, 'அவன் நேசிக்கிறான்' என்பதில் 'இல்', 'எம்' இரண்டும் ஒட்டி 'இ-லெம்' ஆகும். அவர்கள் என்றால் 'இல்-ஸெம்', அதுவும் வண்டு ரீங்கரிக்கும் ஸகரம். அந்த ஒரு ஒலியை வைத்துத்தான் கேட்பவர் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்கிறார்.

எதிர்கால வினையில் நடுவே வரும் இ (e) என்ற எழுத்தையும் கவனியுங்கள். 'நேசிப்பேன்' பேச்சில் 'எம்-ரே' என்று இரண்டே அசையாகச் சுருங்கும். 'பேசுவேன்' அப்படிச் சுருங்காது. ர், ல், ர் என்று மூன்று மெய் முட்டிக்கொள்ளும், நாக்கு தடுக்கும். அதனால் 'பார்-ல-ரே' என்று அந்த எழுத்து லேசாகவாவது ஒலித்தே ஆகும்.