பொம்மைப் பட்டறையில் சர்ஃப் போர்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் கடல் கிடையாது. பாலாற்றில் தண்ணீரைப் பார்க்கவே நல்ல மழை வேண்டும். ஆனாலும் கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கு பழகுகிறவர்களில் சிலருக்கு மரத்தில் செய்த சர்ஃப் போர்டுமேல், அதாவது அலைச்சறுக்குப் பலகைமேல், ஒரு ஆசை உண்டு. நடைவண்டியும் சொப்பும் செய்கிற பட்டறைக்கு அப்படி ஒரு ஆர்டர் வந்தால் விட மனசு வராது. விடவும் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: பொம்மை குழந்தையின் வாய்க்குள் போகும், பலகை உப்புத் தண்ணீரில் ஊறும். இரண்டுக்கும் ஒரே மரம், ஒரே பசை, ஒரே வார்னிஷ் என்று ஓட்டப் பார்க்கும்போதுதான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, மிச்சத் துண்டு. பலகைக்கு வாங்கிய மரைன் பிளைவுட்டில் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) கைப்பிடி அளவு துண்டுகள் மீந்துவிடும். அழகாக இருக்கும், தூக்கிப்போட மனசு வராது, சக்கரமாக வெட்டிவிடுவார்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது விதி. பூச்சியும் பூஞ்சையும் வராமலிருக்க அதற்கு மருந்தும் ஏற்றியிருப்பார்கள். கடலுக்கு அது நல்லது. பல் முளைக்கும் குழந்தை அதைக் கடிக்கலாமா? எனவே இரண்டு மிச்சப் பெட்டிகள் வையுங்கள், வேறு வேறு நிறத்தில். பலகைத் துண்டு பொம்மைப் பெட்டிக்குள் போகக்கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறு, பலகைக்குத் தேக்கு. ‘தேக்குன்னா காலத்துக்கும் நிக்கும்’ என்று வாடிக்கையாளரே கேட்பார். நிற்கும்தான், ஆனால் கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் வரும் மரத்தில் கெட்டிப் பலகை செய்தால் அதைத் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பதற்குள் ஆள் களைத்துவிடுவான். நம் மீனவர்கள் கட்டுமரத்துக்கு இலேசான மரத்தைத் தேர்ந்தெடுத்ததும், கரை வந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போட்டதும் காரணமில்லாமல் இல்லை. வெளிநாட்டில் பௌலோனியா, பால்சா என்று போவார்கள். நமக்கு மலைவேம்பு கிடைக்கும். தேக்கைவிட இலேசு, விலையும் குறைவு.

செம்மரத்தைப் பற்றி ஒரே வார்த்தை. மரப்பாச்சிக்கு அதுதான் பழைய மரம் என்பது உண்மை. ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருக்கிறது என்பதும் உண்மை. யாராவது ‘பழைய தூண், பில் கிடையாது’ என்று மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். செம்மரத்துக்கும் சந்தனத்துக்கும் வனத்துறைச் சீட்டு இல்லையென்றால் பொம்மையோடு சேர்த்துப் பட்டறையும் போகும்.

அடுத்தது காய்ச்சல், அதாவது மரத்தின் காய்ச்சல். ‘நல்லா காஞ்ச மரம் சார்’ என்று சொல்லாத மரக்கடை உண்டா? கையால் தட்டிப் பார்த்து நம்புவதைவிட எடை போட்டுப் பாருங்கள். வாங்கிய மரத்தின் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி (முனை எப்போதும் சீக்கிரம் காயும், ஏமாற்றும்) சின்னத் துண்டு வெட்டுங்கள். 120 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்புச் சூளையில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை காயவிடுங்கள். 105 கிராமில் நின்றால் 15 கிராம் தண்ணீர். 15-ஐ 105-ஆல் வகுத்தால் 14 சதவீதம். இன்னும் சில வாரம் அடுக்கிவைக்க வேண்டும். 10, 12-க்கு வந்தபின் உளியைத் தொடலாம்.

அதோடு முடியவில்லை. கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரிக்கு மேல் காய்ந்து சுருங்கிய மரம், கடற்கரைக் காற்றைக் கண்டதும் உப்பும். வளைய ரேகையின் போக்கில் அது விரியும் அளவு, மையத்திலிருந்து வெளியே விரியும் அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் அகலப் பலகை ஓடு போல் வளைகிறது. ஒரே அகலத் துண்டு கிடைத்ததே என்று சந்தோஷப்படாமல் இரண்டு விரல் பட்டைகளாக அறுத்து, ரேகையை மாற்றி மாற்றி வைத்து ஒட்டுங்கள். பொம்மையிலும் இந்தக் கணக்கு உண்டு. மே மாதம் சரசரவென்று சுற்றிய நடைவண்டிச் சக்கரம் ஐப்பசி மழையில் இறுகி நின்றுவிடும். 8 மில்லி அச்சுக்கு 9 மில்லி துளை போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசையான எபாக்சிதான் வேலூர்க்காரர்களை அதிகம் படுத்தும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. பத்து டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்; அரை மணி என்று போட்டிருப்பது தகரக் கொட்டகைக்குள் கால் மணிகூட நிற்காது. மொத்தமாக ஒரு குவளையில் கலந்து வைத்தால் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, காலை ஒன்பது மணிக்குப் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். இறுகப் போகிற பூச்சில் அம்மைக் கொப்புளமாகக் குமிழி நிற்கும். சாயங்காலம் சூடு இறங்கும்போது பூசினால் மரம் மூச்சை உள்ளே இழுக்கும், எபாக்சியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டிய பலகையைப் பற்றி எழுதவே வேண்டாம். காய்ந்த எபாக்சி வெயிலில் மஞ்சளாகும் என்பதால் மேலே புற ஊதாக் கதிர் தாங்கும் வார்னிஷ் ஒரு கோட் அவசியம்.

உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்யும் பலகையை அமெரிக்காவில் டாம் பிளேக் 1930-களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார். எடை குறைக்க அதுதான் வழி. ஆனால் காற்றுத் துளை வைக்க மறக்கக்கூடாது. 25 டிகிரியில் மூடிய பலகை, வேன் கூரையில் 60 டிகிரிக்குச் சூடானால் உள்ளே அழுத்தம் சுமார் 12 சதவீதம் கூடும். கேட்க அற்பமாகத் தோன்றும்; ஒரு சதுர மீட்டர் மேல்தளத்தை ஒரு டன்னுக்கும் மேலான விசை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். கோவளம் போகும்வரை அந்தத் துளையை மூடும் திருகைத் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறங்குமுன் மூட வேண்டும். அதைப் பலகையின்மேலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது அலையைப் பார்த்ததும் மறந்துபோகும்.

பொம்மைக்கு வருவோம். பளபளப்புக்காகக் கார் பெயின்ட், என்.சி. வார்னிஷ் என்று கையில் கிடைத்ததைப் பூசுவது பெரிய தவறு. வீட்டு உபயோகப் பெயின்ட்டிலேயே ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2016-இல் விதி வந்துவிட்டது. வாகன பெயின்ட் அந்த விதிக்குள் வராது. அதற்குப் பதில் அரக்கு இருக்கிறது: கடைசல் எந்திரத்தில் ஓடும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும், தாழை மடலால் தேய்த்தால் மின்னும். கர்நாடகத்துச் சன்னபட்ணாவில் வெட்பாலைக் கட்டையில் செய்வதும் இதைத்தான். அரக்குப் பொம்மையைச் சானிட்டைசரால் துடைக்க வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள், அதிலிருக்கும் சாராயத்தில் அரக்கு கரையும். நல்லெண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு. அது காயாது, நாள்பட்டால் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள்.

நடைவண்டியில் கைப்பிடி, பின் சக்கர அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் குழந்தை எம்பிப் பிடித்ததும் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும்.

14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. பதிவு செய்யாமலே ‘கைவேலைதானே’ என்று விற்பது தவறு. விலக்கு கிடைத்தாலும் தொண்டை அளவு மாறாது. மூன்று வயதுக்குக் கீழான குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று வரக்கூடிய எதுவும் 31.7 மில்லி விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கக் கூடாது. அந்த உருளையின் அடி சாய்வாக, ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லி ஆழம். கடைசல் இருக்கும் பட்டறையில் அதைக் கட்டையிலேயே குடைந்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சக்கரத்தையும், கிலுகிலுப்பை மணியையும் அதில் போட்டுப் பார்த்துவிட்டுக் கோத்தால் போதும்.