சுவரில் தொங்கும் பட்டியல் போதாது: நெருக்கடிக்கு ஆயத்தமாகும் வன்னிப் பாடசாலைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிபர் அறைச் சுவரில் தொங்கும் அனர்த்த முகாமைத்துவக் குழுப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இடமாற்றம் கிடைத்துப் போன ஆசிரியரின் பெயர் இன்னும் அதில் இருந்தால், முதல் தவறு அதுதான். மிச்சப் பேரில் எத்தனை பேர் ஊரில் தங்குகிறார்கள் என்றும் எண்ணுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியர்கள் இங்கே பலர். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தன. அப்படியொரு இரவு விடிந்தால் பாடசாலைக்கு வந்துசேரக்கூடியவர்கள் காவலாளியும் பக்கத்து வீட்டுப் பெற்றோரும்தான். திறப்பு யாரிடம், பிள்ளைகளின் வீட்டுத் தொலைபேசி இலக்கங்கள் எங்கே என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்து, வகுப்பறைகளில் தங்கியிருந்த சனம் வீடு திரும்பியதும், விட்ட பாடத்தைப் பிடிக்க மேலதிக வகுப்பு தொடங்கிவிடும். அவசரப்படாதீர்கள். கொப்பியும் புத்தகமும் நனைந்துபோன பிள்ளைக்கு முதல் வாரத்தில் வேண்டியது வழக்கமான மணி, தெரிந்த வகுப்பாசிரியர், விளையாட்டு நேரம். பாடம் மெல்ல மெல்ல வரும்.

ஒத்திகை செய்யும்போது வெடி கொளுத்துவதும் சைரன் ஊதுவதும் வேண்டாம். இன்று சாதாரணதரம் எழுதும் பிள்ளைகள் யுத்தத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்களில் பலர் 2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் முகாமின் முட்கம்பிக்குள் இருந்த பிள்ளைகள். அவர்களது மனநிலை எந்தத் திட்டத்திலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. அதனால்தானோ என்னவோ, மனம் சோர்ந்து நிற்கும் பிள்ளையிடம், “நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள், உங்களுக்கென்ன குறை?” என்று அவர்களில் சிலரே கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் தைரியம் சொல்வதாகத்தான் நினைக்கிறார். பிள்ளை அதன்பிறகு வாய் திறவாது.

மிகவும் பிழைத்துப் போவது ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்ட மறுநாள். வழக்கமாக என்ன நடக்கிறது? காலைக்கூட்டத்தில் முழுப் பாடசாலையையும் நிறுத்தி ஒலிவாங்கியில் அறிவிக்கிறோம். காரணம் இதுதான் என்று யாரோ ஒருவர் ஊகம் சொல்கிறார். மத்தியானத்துக்குள் வாசலில் பெரிய படத்தோடு கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஏறிவிடுகிறது. பழைய மாணவர்கள் அதைப் படம்பிடித்து முகநூலில் போடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஆனால் ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டிவிடக்கூடும். பதிலாக, குடும்பத்தின் சம்மதத்தோடு நாலைந்து வசனத்தில் ஒரு குறிப்பை எழுதி, ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தன் வகுப்பில் அதையே சொல்லட்டும். எப்படி நடந்தது என்ற விபரமும் வேண்டாம், யார் குற்றம் என்ற பேச்சும் வேண்டாம். நெருங்கிய நண்பர்கள், அதே பஸ்ஸில் வந்தவர்கள், கடைசியாகச் சண்டை பிடித்தவர் ஆகியோரை அன்றே தனித்தனியாகக் கண்டு கதைக்க வேண்டும். மரணவீட்டுக்குப் போகும் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் போகட்டும். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். கேட்பதால் அப்படி நடப்பதில்லை. கேட்டபின் பிள்ளையைத் தனியே விடாமல் உதவியிடம் சேர்ப்பதுதான் முக்கியம்.

கண்டதையெல்லாம் சொல்லு, கீறிக்காட்டு என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இருத்தி வைக்கும் நிகழ்ச்சிகளுக்கும் அனுமதி கொடாதீர்கள். ஒரே அமர்வில் நடந்ததை விபரிக்க வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அந்நிறுவனம் 2011இல் வெளியிட்ட உள முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றுதான்: பார், கேள், இணை. அதிலுள்ள கேட்டல், பிள்ளை தானாகச் சொல்வதைக் கேட்பது.

உளவளத்துணை ஆசிரியரையே ஒழுக்காற்றுக் குழுவிலும் போடுவது இன்னொரு பிழை. காலையில் தலைமயிரைப் பார்த்து ஏசியவரிடம் எந்தப் பிள்ளை மத்தியானம் மனம் திறக்கும்? அவருக்குப் பாடவேளையைக் குறையுங்கள். வராந்தாவில் போகிறவருக்குக் கேட்காத ஓர் இடம் கொடுங்கள். சொன்னது ஆசிரியர் ஓய்வறையில் தேநீரோடு பரிமாறப்பட்டால் அந்த அறை என்றைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கும். ஆனால் உயிராபத்தோ துஷ்பிரயோகமோ என்றால் இரகசியம் காக்க முடியாது என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தேசிய உளநல நிறுவனத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய இலக்கங்களைக் கந்தோரில் மட்டுமல்ல, பிள்ளைகள் பார்க்கும் இடத்திலும் ஒட்டுங்கள். மாவட்ட வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் எந்த நாளில் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். கிளினிக்குக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருக்கவும் கூடாது; பஸ் காசில்லாமல் இரண்டாம் முறை போகாமல் விட்ட பிள்ளை இருக்கலாம்.

ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். ஆண்டுத் திவசம், சுனாமி வந்த டிசம்பர் 26, யுத்தம் முடிந்த மே 18 என்று வீட்டில் துக்கம் திரும்பிவரும் நாட்கள் உண்டு. அந்த வாரங்களைப் பாடசாலை நாட்காட்டியில் குறித்து, பரீட்சையைத் தள்ளி வையுங்கள். வராமல் விட்ட பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காமல், இடைவேளையில் தனியாகக் கேளுங்கள்.