ஒரு கருத்தின் தடத்தைப் பின்தொடர்வது எப்படி?

ஒரு கருத்து பரவிய விதத்தை ஆராய விரும்புவோர், முதலில் அதன் மிகப் பழைய எழுத்துச் சான்றைத் தேடி, பின்வந்த வடிவங்களைக் கால வரிசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வடிவத்திலும் எது உதிர்ந்தது, எது புதிதாக ஒட்டிக்கொண்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் நினைவிலிருந்து எழுதிய கதையை அடுத்தவர் படித்துத் தம் நினைவிலிருந்து மீண்டும் எழுத, பழக்கமில்லாத விவரங்கள் மறைந்தன அல்லது பழகிய பொருள்களாக உருமாறின. ஆகவே, மாற்றத்தைப் பிழையென்று ஒதுக்காதீர்கள். பெற்றுக்கொண்ட சமூகம் எதைத் தன்வயமாக்கியது என்பதை அதுவே காட்டுகிறது. நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தைத் தனித்தனியே உருவாக்கியதைப் போல, ஒரே கருத்து இரண்டு இடங்களில் தோன்றக்கூடும் என்பதால், தொடர்புக்கான சான்று கிடைக்கும்வரை ‘பரவியது’ என்று எழுத வேண்டாம்.