ஃப்ளோரின் வளையம் எலக்ட்ரானைப் பிடிப்பதும் விடுவதும்: லேப்டாப்பில் கணக்கிடுவது எப்படி?

பென்சீனுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துப் பாருங்கள், நிற்காது. மேட்டு வயலில் பாய்ச்சிய தண்ணீர் மாதிரி உடனே ஓடிவிடும். ஆறு ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டு ஃப்ளோரின் வைத்த ஹெக்ஸாஃப்ளோரோபென்சீன் அப்படியில்லை, சுமார் 0.5 எலக்ட்ரான்வோல்ட் (ஆற்றலின் சிறு அலகு) பிடிப்போடு அதைத் தேக்கி வைக்கும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்கள் 8 ஜிபி லேப்டாப்பிலேயே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வரைவதற்கு அவொகாட்ரோ (Avogadro), கணக்குக்கு சைஃபோர் (Psi4). இரண்டும் இலவச மென்பொருள்கள்.

முதலில் நடுநிலை மூலக்கூறு. வளையத்தை வரைந்து, மின்சுமை 0, பன்மை (இணையில்லாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது) 1 என்று கொடுத்து, எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் பி3எல்ஒய்பி (B3LYP) முறையில் வடிவத்தைச் சீராக்குங்கள். அடிப்படைத் தொகுப்பில், அதாவது எலக்ட்ரான்கள் பரவும் விதத்தை விவரிக்கும் சார்புகளின் கூட்டத்தில், கஞ்சத்தனம் கூடாது: சிசி-பிவிடிஇசட் (cc-pVDZ) 168 சார்புகளோடு சீக்கிரம் முடியும், ஆனால் கூடுதல் எலக்ட்ரான் பரந்து உட்கார அதில் இடமில்லை. முன்னால் 'ஆக்' சேர்ந்த தொகுப்பை (aug-cc-pVDZ) எடுங்கள், அதில் பரந்த சார்புகளும் இருக்கும். சார்புகள் 276 ஆகும், நேரமும் கூடும், அதற்கு வேறு வழியில்லை.

அதே வடிவத்தை அசைக்காமல் மின்சுமை -1, பன்மை 2 என்று மாற்றி ஆற்றலை மட்டும் எடுங்கள். 90 எலக்ட்ரான் 91 ஆகிவிட்டதால் ஒன்று இணையில்லாமல் நிற்கும். 'யுகேஎஸ்' (UKS, இரண்டு சுழற்சி எலக்ட்ரான்களையும் தனித்தனியாகக் கணக்கிடும் முறை) என்று சொல்லாவிட்டால் சைஃபோர் பிழை காட்டி நின்றுவிடும். நடுநிலை ஆற்றலிலிருந்து இதைக் கழித்தால் மிகச் சிறிய எண்ணோ எதிர்க்குறியோ வரலாம். பதற வேண்டாம், வளையம் இன்னும் இளகவில்லை.

அடுத்தது எதிரயனியின், அதாவது கூடுதல் எலக்ட்ரான் ஏறிய மூலக்கூறின், வடிவம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தட்டையான வளையத்தையே கொடுத்தால் மென்பொருள் சமச்சீரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை தட்டையாகவே முடிக்கும். உண்மையான எதிரயனியோ நெளிந்தது: ஃப்ளோரின்கள் தளத்தை விட்டு மேலும் கீழும் விலகும், கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு நீளும். வளையத்தின் காலியான பை ஆர்பிட்டாலும் (எலக்ட்ரான் உட்காரும் இடம்) அந்தப் பிணைப்பின் காலியான சிக்மா ஆர்பிட்டாலும் கலப்பதால் வரும் நெளிவு இது. அதனால் சமச்சீரை சி1 (C1, சமச்சீரே இல்லை) என்று வைத்து, எதிரெதிரே உள்ள இரண்டு ஃப்ளோரின்களை 0.3 ஆங்ஸ்ட்ராம் மேலே தூக்கி, மற்ற நான்கைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பிறகு அதிர்வுக் கணக்கு. 12 அணுக்களுக்கு 30 அதிர்வுகள். ஒன்றுகூடக் கற்பனை அதிர்வெண்ணாக இருக்கக் கூடாது, அப்படி வந்தால் வடிவம் இன்னும் ஆற்றலின் அடிமட்டத்தை எட்டவில்லை என்று அர்த்தம். இருந்தால் அது காட்டும் திசையில் அணுக்களை நகர்த்தி மறுபடி சீராக்குங்கள். இந்தக் கட்டம் ராத்திரி முழுக்க ஓடலாம். லேப்டாப் தூங்கப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். கரண்ட் போய் பேட்டரியும் இறங்கிவிடுமோ என்ற பயம் இருந்தால், சீரான வடிவத்தின் ஆயங்களை முன்பே தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள்.

இப்போது கழித்தல். சீரான நடுநிலை ஆற்றலிலிருந்து சீரான எதிரயனி ஆற்றலைக் கழித்து 27.2114 ஆல் பெருக்கினால் எலக்ட்ரான் நாட்டம் (எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் வலு) எலக்ட்ரான்வோல்ட்டில் வரும். மென்பொருள் ஆற்றலைத் தரும் அலகான ஹார்ட்ரியில் 0.0195 வித்தியாசம் என்றால் 0.53. இரண்டுக்கும் பூஜ்ய நிலை அதிர்வாற்றலை (மிகக் குறைந்த நிலையிலும் மிஞ்சும் அதிர்வின் ஆற்றல், அதிர்வுக் கணக்கில் கிடைக்கும்) சேர்க்க மறக்காதீர்கள்.

விடுவதற்கான கணக்கு தனி. நெளிந்த வடிவத்தில் மின்சுமையை 0 ஆக்கி ஆற்றலை எடுத்து, அதிலிருந்து எதிரயனியின் ஆற்றலைக் கழியுங்கள். இது நாட்டத்தைவிடப் பெரிதாகவே வரும். எலக்ட்ரான் சட்டென்று கிளம்பும்போது வளையம் நெளிந்தபடியே நிற்கிறது. தட்டையாவதற்கு அதற்கு நேரமில்லை.

ஒப்பிட பென்சீனையும் ஓட்டினால் ஒன்றைக் கவனியுங்கள்: தொகுப்பைப் பெரிதாக்கப் பெரிதாக்க விடை பூஜ்யத்தை நோக்கி நழுவும். எலக்ட்ரான் மூலக்கூறை விட்டு வெளியே போய் உட்காருவதால் வரும் போலி எண் அது. சோதனையில் கிடைத்த மதிப்பு சுமார் -1.1 எலக்ட்ரான்வோல்ட். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இந்தச் சோதனை மதிப்பையே எழுதுங்கள்.