ஆர்.டி.ஏ. பாஸ் மார்க் அல்ல

பெங்களூரு அலசூரில் நாற்பது தமிழ்ப் பெண்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்து வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டச்சத்துத் தேவை அட்டவணையைத் திறந்ததும் கண் ஆர்.டி.ஏ. (ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு) பத்திக்குத்தான் ஓடும். அதற்குக் கீழே சாப்பிடுகிற எல்லோரையும் 'சத்துக் குறைவு' என்று எழுதிவிட்டால் கணக்கு அங்கேயே கெட்டது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (1918-ல் பிறந்தது நம் குன்னூரில்தான்) 2020-ல் தந்த அட்டவணையில் இ.ஏ.ஆர். என்றும் ஒரு பத்தி உண்டு. அது சராசரித் தேவை: ஒரே வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த அளவு போதும், மீதிப் பேருக்குப் போதாது. அதோடு இரண்டு திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் தேவை எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) கூட்டினால் ஆர்.டி.ஏ.; 97.5 சதவீதம் பேருக்குப் போதும். அதாவது பெரும்பாலோருக்குத் தேவைக்கு மேலேயே இருக்கும்.

கூட்டத்தை அளக்க இ.ஏ.ஆர்.தான் கோடு. 55 கிலோ பெண்ணுக்குப் புரதத்தில் அது கிலோவுக்கு 0.66 கிராம், ஆக 36 கிராம், ஆர்.டி.ஏ. 46. பத்துப் பேர் 36-க்குக் கீழே என்றால் குறைவு 25 சதவீதம். அந்தப் பத்துப் பேர் யார் என்று பெயர் சொல்ல இந்தக் கணக்கு உதவாது. ஒவ்வொருவர் தேவையும் வேறு. நாற்பது பேரின் சராசரி 36-ஐத் தொட்டுவிட்டது என்றும் நிம்மதி அடைய வேண்டாம், ஏறக்குறைய பாதிப் பேர் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். கர்ப்பிணிகளையும் பாலூட்டுகிறவர்களையும் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

ஒரு நாள் விசாரிப்பு போதாது. அடுத்தடுத்து வராத இரண்டு நாளாவது கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு விடுபடவும் கூடாது, அதுவே கணக்கு முழுக்க ஆகவும் கூடாது. சோற்றின் எடையை அரிசிக் கணக்கில் போட்டால் எல்லாமே இரண்டரை மடங்குக்கு மேல் ஊதிப்போகும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து என்பது மாவுக்கு. தண்ணீர் ஏறிய களிக்கு அல்ல. எண்ணெயைக் கரண்டியால் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறார்கள் என்று கேட்டு, ஆள் கணக்கில் வகுங்கள்.

இரும்புச்சத்துக்கு மட்டும் இந்தக் கோடு வேலை செய்யாது. மாதவிடாயால் சிலருக்கு மட்டும் தேவை மிக அதிகம், அதனால் தேவையின் பரவல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது (இ.ஏ.ஆர். 15, ஆர்.டி.ஏ. 29 மில்லிகிராம்), அதற்கு நிகழ்தகவு முறை (ஒவ்வொருவர் சாப்பிடும் அளவும் போதாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துச் சராசரி எடுப்பது) வேண்டும்.

கலோரிக்கு ஆர்.டி.ஏ.வே கிடையாது, கூட்டிக் கொடுத்தால் எடைதான் ஏறும். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 1660, உடலுழைப்பு ஓரளவு உள்ளவருக்கு 2130. கணினி முன் உட்காருபவரையும் நாலு வீடு பெருக்கித் துடைப்பவரையும் ஒரே வரியில் போடாதீர்கள்.