வீவக வீட்டில் ஸ்மார்ட் சென்சார்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

யூடியூபில் பார்க்கிற ஸ்மார்ட் வீட்டு வீடியோக்களில் பெரும்பாலானவை மரச்சட்டத்திலும் ஜிப்சம் பலகையிலும் கட்டிய வெளிநாட்டு வீடுகளில் எடுத்தவை. நம்முடையது சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய கான்கிரீட் வீடு. வாசலில் கேட், உள்ளே பாம் ஷெல்டர் எனும் குண்டுதாங்கு அறை, நாள் முழுக்க ஓடும் காத்தாடி, வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி. வீடியோவில் சொன்ன பொருளையே வாங்கி, சொன்ன இடத்திலேயே ஒட்டியும் இங்கே தகராறு செய்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பொருளின் தரத்தை அல்ல, வைத்த இடத்தை.

வாசலிலிருந்தே தொடங்கலாம். பலரும் முதலில் வாங்குவது கதவு சென்சார்: ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் அருகில் இருக்கிறதா என்று உணரும் சிறு சுவிட்ச். அதை மரக்கதவில் ஒட்டிவிடுகிறார்கள். நம் வீடுகளில் மாலையானால் மரக்கதவு திறந்தேதான் கிடக்கும், காற்று வர வேண்டுமே. பூட்டியிருப்பது கேட் மட்டும். அப்படியிருக்க, கதவு திறந்திருக்கிறது என்று சென்சார் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம்? கவனிக்க வேண்டியது கேட்டைத்தான். ஆனால் இரும்பு கேட், காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் இடைவெளி அங்கே கிடைக்காது. சென்சாரின் ஆன்டெனாவும் இரும்பை ஒட்டி இருந்தால் மந்தமாகிவிடும். இரும்புக் கதவுக்கென்றே விற்கும் அகல இடைவெளி வகையை வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் அடியில் சில மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் துண்டு கொடுத்து ஒட்டுங்கள். சில கேட்டுகள் அலுமினியம். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெப்பத்தை நம்பும் சென்சாரும் நம் ஊர் வெப்பமும்

அசைவு சென்சார் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கும் பிஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் அசைவை நேரடியாகப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வேறுபாடு அதன் பார்வைப் பரப்பில் இடம் மாறுவதைத்தான் பார்க்கிறது. குளிர்நாட்டில் 20 டிகிரி அறைக்குள் ஒரு மனிதர் வந்தால் பளிச்சென்று தெரியும். இங்கே ஏர்கான் போடாத கூடத்தில் மதியம் 32 டிகிரி, தோலின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு. வேறுபாடே இல்லாதபோது சென்சார் எதைக் கண்டுபிடிக்கும்? இரவில் ஏர்கான் அறையில் சோதித்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று நம்பி ஊருக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. சோதனையை மதியம் 2 மணிக்கு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

வைக்கும் கோணமும் முக்கியம். பிஐஆர், குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். வாசலுக்கு எதிர்ச்சுவரில், கதவைப் பார்த்தபடி மாட்டுவதுதான் பலருக்கும் இயல்பாகத் தோன்றும் இடம். திருடன் நேராக வருவதற்கும் அதுவே வசதியான பாதை. பக்கச்சுவருக்கு மாற்றுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல், ஏர்கான் காற்று அடிக்கும் திரைச்சீலை இரண்டும் அதன் பார்வையில் படக்கூடாது.

இதற்கு மாற்றாக இப்போது எல்லோரும் எம்எம்வேவ் ரேடார் சென்சாரைச் சொல்கிறார்கள். வெப்பம் அதற்குப் பொருட்டே இல்லை, அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் மூச்சைக்கூட உணரும். ஆனால் சீலிங் ஃபேனையும் ஆளாக எண்ணிக்கொள்ளும். மெல்லிய தடுப்புச் சுவருக்கு அப்பால் படுத்திருப்பவரையும் கணக்கில் சேர்த்துவிடும். தூர எல்லையையும் உணர்திறனையும் அமைப்பில் குறைத்த பிறகுதான் அதை நம்பலாம். ஆளில்லாத வீட்டைக் காவல் காக்க பிஐஆர், ஆளிருக்கும் அறையில் விளக்கும் காத்தாடியும் அணையாமலிருக்க ரேடார் என்று பிரித்துக்கொள்வது என் கட்சி. எல்லோரும் வெளியே போகும்போது காத்தாடி நின்றுவிடும், காவலுக்கும் ரேடாரே போதும் என்று சொல்பவர்கள், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அலை எங்கே தொலைகிறது

இணையப் பெட்டியையும், சென்சார்களின் தகவலைத் திரட்டும் ஹப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் பாம் ஷெல்டருக்குள் வைத்துவிடுவது பலர் செய்யும் வேலை. குண்டுவெடிப்பைத் தாங்கக் கட்டிய கம்பி கோத்த கான்கிரீட், இரும்புக் கதவு: அதற்குள்ளிருந்து அலை எப்படி வெளியே வரும்? சுவரைத் துளைத்து வயர் இழுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அந்தச் சுவரில் கைவைக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. ஹப்பை வெளியே எடுத்து வையுங்கள், கதை முடிந்தது.

ஸிக்பீ என்ற கம்பியில்லா முறையில் பேசும் சென்சார்கள் ஒன்றுக்கொன்று தகவலைக் கடத்தும் என்பது பாதி உண்மை. மின்சாரத்தில் ஓடுபவை மட்டுமே கடத்தும். பேட்டரியில் ஓடும் கதவு சென்சார் கடத்தாது. பத்து பேட்டரி சென்சார்களை வாங்கிப் போட்டாலும் கடைசி அறைக்குத் தகவல் போகாது, நடுவில் ஒரு ஸிக்பீ பிளக் செருகினால் போய்விடும். ஒரே பிளாக்கில் அத்தனை வீட்டு வைஃபையும் நெரிசலாக ஓடுவதால் ஸிக்பீயை 25ஆம் சேனலுக்கு மாற்றுவதும் உதவும். ஹப்பாகப் பயன்படுத்தும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் யுஎஸ்பி 3 துளையில் ஸிக்பீ டாங்கிளை (அலை அனுப்பி வாங்கும் குச்சியை) நேரடியாகச் செருகாதீர்கள். அந்தத் துளை 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். ஒரு சிறிய நீட்டிப்பு வயர் போதும். ஸிக்பீக்குப் பதில் இஸட்-வேவ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையில் வாங்குவதானால் எந்த நாட்டு அலைவரிசை என்று பாருங்கள், அமெரிக்க வகையும் ஐரோப்பிய வகையும் பேசிக்கொள்ளா.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு

மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் பாகங்களை வாங்கி, ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் தானே சென்சார் செய்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார்: கதவு தானாகத் திறந்து மூடுவதாகக் காட்டுகிறது. பேய் எதுவும் இல்லை. ரீட் சுவிட்சை 34 முதல் 39 வரையுள்ள பின்களில் (இணைப்புக் கால்களில்) இணைத்திருப்பார்கள். அவற்றில் உள் புல்-அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது நிலையை மேலே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. வெளியே ஒரு ரெசிஸ்டர் போடாவிட்டால் அந்தப் பின்னின் நிலை அந்தரத்தில் ஆடும். 12ஆம் பின்னில் எதையாவது இணைத்துவிட்டு, மின்சாரம் போய் வந்தபின் பலகை எழுந்திருக்கவில்லை என்பது இன்னொன்று. தொடங்கும் நேரத்தில் அந்த பின் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பலகை பார்க்கும். 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுப்பதும் கூடாது, இந்தப் பலகை தாங்குவது 3.3 வோல்ட்தான். வைஃபையில் ஓடும் பேட்டரி சென்சாரைக் கதவுக்குச் செய்யவேண்டாம். பேட்டரி மாற்றியே அலுத்துவிடும்.

சுவர் சுவிட்ச் வேறு சங்கதி. அது 230 வோல்ட். பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில், பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகள் கேட்கும் நியூட்ரல் வயர் இல்லாமல் இருப்பது சாதாரணம், திறந்து பார்க்காமல் ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பார்கள். வயரிங்கில் கைவைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

புகையும் எரிவாயுவும்

2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நாமே செய்த புகை சென்சார் அதற்கு ஈடாகாது. சான்றுபெற்ற கருவியை மாட்டுங்கள், அது அலறும்போது கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வேலையை மட்டும் உங்கள் பலகைக்குக் கொடுங்கள். சாமி மேடைக்கு மேலேயும் தாளிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் மாட்டிவிட்டு, மிளகாய் கருகும்போதெல்லாம் அலறுகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைப்பதுதான் உண்மையான ஆபத்து. கருவியை நகர்த்துங்கள்.

எரிவாயு சென்சாரை எந்த உயரத்தில் வைப்பது என்பது உங்கள் அடுப்பைப் பொறுத்தது. குழாயில் வரும் நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் அதிகம். காற்றைவிட லேசானது, மேலே போகும். சிலிண்டர் எல்பிஜி கனமானது, தரையில் படியும். இந்தியாவில் எடுத்த வீடியோ பார்த்துத் தரையோரம் வைத்தால், குழாய் எரிவாயு வீட்டில் அது சும்மா இருக்கும். மலிவான எம்க்யூ வகை சென்சார்களை முதல்முறை ஒரு நாளாவது சூடேற்றிய பிறகே அளவு சரியாக வரும். ஈரப்பதம் அவற்றை ஏமாற்றும். கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளலாம், உயிரை ஒப்படைக்க முடியாது.

கேமரா

வீட்டுக்குள் இருந்தபடி தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு 2023 மே முதல் முன் அனுமதி தேவையில்லை. அது அண்டை வீட்டுக் கதவையோ ஜன்னலையோ பார்க்கக்கூடாது. தாழ்வாரச் சுவரிலேயே மாட்டுவதானால் நகர மன்றத்தின் அனுமதி இன்னமும் வேண்டும். வீட்டில் பணிப்பெண் இருந்தால் கேமரா எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தூங்கும் இடத்திலும் குளியலறையிலும் வைக்கவே கூடாது.

2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் வந்ததாகச் செய்திகள் வெளியானது நினைவிருக்கும். அதே மாதம்தான் இணையப் பாதுகாப்பு அமைப்பு, கருவிகளுக்கு நான்கு நிலைகளில் தரமுத்திரை கொடுக்கத் தொடங்கியது. முதல் நிலைக்கே பொதுவான ஆரம்பக் கடவுச்சொல் இருக்கக்கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு வரவேண்டும். முத்திரையே இல்லாத கேமராவைப் பாதி விலைக்கு வாங்கி படுக்கையறையில் வைக்கும் துணிச்சல் எனக்குக் கிடையாது. கூடத்தில், வாசலை மட்டும் பார்த்தபடி வைத்தால் போதாதா? நிறுவனத்தின் சர்வரையே நம்பி ஓடும் பொருள் என்றால் அதுவும் யோசிக்க வேண்டியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனம் முன்னறிவிப்பில்லாமல் சர்வரை நிறுத்தியது. வாங்கியவர்களின் செயலி ஒரே நாளில் செயலிழந்தது. ஹோம் அசிஸ்டென்ட் போல வீட்டுக்குள்ளேயே ஓடும் அமைப்பில் அந்தப் பயம் குறைவு.

அப்புறம் அறிவிப்புகள். பூனை நடந்தாலும் செய்தி, பக்கத்து வீட்டு அங்கிள் செருப்பு மாட்டினாலும் செய்தி என்று வைத்தால் சீக்கிரமே எல்லாவற்றையும் மௌனமாக்கிவிடுவீர்கள். கேட் திறந்தது, புகை, எரிவாயு, தண்ணீர்க் கசிவு, இவை நான்கு மட்டும் ஒலி எழுப்பட்டும். மற்றவை பதிவில் கிடக்கட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் ரவுட்டரை அணைத்துவிட்டுக் கேட்டைத் திறந்து பாருங்கள். சைரன் அப்போதும் கத்த வேண்டும். அது கத்தினால் வந்து பார்க்க, சாவியும் உங்கள் எண்ணும் கைவசமுள்ள ஒருவர் இங்கே இருக்க வேண்டும்.